புதிதாகச் சேர்த்த கணினி: ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை

கார்முகில் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பாகங்களைத் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே ஒரு கணினி சேர்த்திருக்கிறேன். வீடியோ எடிட்டிங்தான் முக்கிய வேலை. பவர் பட்டனை அழுத்தினால் எல்லா ஃபேனும் சுற்றுகிறது, கேபினட் விளக்குகளும் எரிகின்றன. மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்' என்று வந்துவிட்டுக் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடுகிறது. கீபோர்டில் நம்லாக் விளக்குகூட எரியவில்லை.

செயலி ரைசன் 5 9600எக்ஸ். மதர்போர்டு பி650 சிப்செட். ரேம் டிடிஆர்5, 16 ஜிபி இரண்டு. கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 4060. அதைக் கேபினட்டில் செங்குத்தாக நிறுத்தி, ரைசர் கேபிள் (கார்டைப் போர்டின் துளையோடு சேர்க்கும் நீட்டிப்பு கேபிள்) வழியாக இணைத்திருக்கிறேன். பவர் சப்ளை 650 வாட், புதியது, கேபிள்களைக் கழற்றி மாட்டும் வகை. மானிட்டர் பழையதுதான், ஆனால் லேப்டாப்பில் இணைத்தால் நன்றாக வேலை செய்கிறது.

கார்டு பழுதாக இருக்குமோ என்று சந்தேகம். மாற்றித் தரக் கேட்பதற்கான கெடு நெருங்குகிறது, அதனால்தான் அவசரமாகக் கேட்கிறேன்.

மின்மினி எழுதியது:

திரையில் படம் வரவில்லை என்றால் முதல் சந்தேகம் கார்டின் மேல்தான். கெடு முடிவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் அலைய வேண்டியிருக்கும்.

ஆணிவேர் எழுதியது:

கொஞ்சம் பொறுங்கள் கார்முகில். எதையும் இப்போதே திருப்பி அனுப்ப வேண்டாம்.

படம் என்பது கணினி கடைசியாகச் செய்யும் வேலை. பவர் சப்ளை தன் மின்னழுத்தம் சீராகிவிட்டது என்று போர்டுக்குச் சொல்ல வேண்டும், செயலி விழிக்க வேண்டும், ரேமைப் பேச வைக்க வேண்டும், அதன் பிறகுதான் கார்டின் முறை வரும். இதில் எங்கே தடைபட்டாலும் நமக்குத் தெரிவது அதே கறுப்புத் திரைதான். அதை மட்டும் வைத்துக்கொண்டு கார்டைக் குற்றம் சொல்ல முடியாது. ஃபேன் சுற்றுவதற்கும் பெரிய அர்த்தம் கிடையாது. போர்டுக்கு 12 வோல்ட் போய்ச் சேர்ந்தால் ஃபேன் சுற்றும். செயலி விழித்ததா என்பது அதற்குத் தெரியாது.

நீங்கள் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் படுவது நம்லாக் விளக்கு. கார்டு மட்டும் பழுது என்றால் பெரும்பாலும் கீபோர்டாவது உயிர் பெறும். இங்கே அதுவும் இல்லை. அதனால் தடை இன்னும் முன்னாலேயே இருக்கும் என்று நினைக்கிறேன்.

உங்கள் போர்டின் ஓரத்தில், பெரும்பாலும் போர்டுக்கு மின்சாரம் வரும் 24 பின் இணைப்புக்குப் பக்கத்தில், நான்கு சின்ன விளக்குகள் இருக்கும். பக்கத்திலேயே சிபியு (செயலி), டிராம் (ரேம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (டிரைவிலிருந்து தொடங்குவது) என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். இயக்கியதும் ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் வேலை நின்றிருக்கிறது. அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. இந்தச் செயலிக்கு உள்ளேயே சின்ன கிராஃபிக்ஸ் இருக்கிறது. கார்டையும் ரைசர் கேபிளையும் முழுதாகக் கழற்றி வைத்துவிட்டு, மானிட்டரை மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையில் மாட்டிப் பாருங்கள்.

தறிநாடா எழுதியது:

அதோடு சிபியு பவர் கேபிளையும் பாருங்கள் நண்பரே. போர்டின் மேல் மூலையில் 8 பின், 4+4 ஆகப் பிரியும். அது இல்லாமலும் ஃபேன் சுற்றும், திரை வராது. கார்டுக்கு வரும் 6+2 கேபிளும் பார்க்க 8 பின்தான், ஆனால் துளைகளின் வடிவம் வேறு. அழுத்தம் கொடுத்தால்தான் போகிறது என்றால் அது தவறான கேபிள்.

பவர் சப்ளையைத் தனியாகச் சோதிக்க வேண்டுமானால் பேப்பர் கிளிப்பை வளைத்து 24 பின்னில் 16ஆம் பின்னையும் ஒரு கிரவுண்டையும் இணைத்துப் பார்க்கலாம்.

ஆணிவேர் எழுதியது:

தறிநாடா, சிபியு கேபிள் பற்றிச் சொன்னது சரி. பேப்பர் கிளிப் வேண்டாம் என்பது என் கருத்து. பவர் சப்ளை ஓடுகிறது என்பதை மட்டும்தான் அந்தச் சோதனை காட்டும். இவருக்கு ஃபேன் சுற்றுவதால் அது ஏற்கெனவே தெரிந்த விஷயம். சுமை ஏறும்போது மின்னழுத்தம் நிற்குமா என்பதை அது சொல்லாது. புதிதாகச் சேர்ப்பவரைக் கம்பியை எடுத்துப் பின்னில் செருகச் சொல்லி, அதற்குக் கிடைக்கும் பலன் மிகக் குறைவு.

கார்முகில், ஒரு கேள்வி: பவர் சப்ளைக் கேபிள்கள் எல்லாம் அந்தப் பெட்டியிலேயே வந்தவைதானே? பழைய கேபிளை எடுத்து மாட்டியிருந்தால் உடனே கழற்றிவிடுங்கள். போர்டு பக்கத்துப் பின் வரிசைக்குப் பொது விதி உண்டு, பவர் சப்ளை பக்கத்துக்குக் கிடையாது. நிறுவனத்துக்கு நிறுவனம், சில நேரம் மாடலுக்கு மாடல்கூட மாறும். பொருந்துவது போலவே உட்கார்ந்து பாகங்களை எரித்துவிடும்.

கார்முகில் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கேபிள்கள் எல்லாம் பெட்டியில் வந்தவைதான். சிபியு பவர் இரண்டு முனையிலும் இறுக்கமாக இருக்கிறது, கழற்றி மாட்டியும் பார்த்தேன்.

விளக்குகளைப் பார்த்தேன். இயக்கியதும் நான்கும் ஒரு கணம் எரிகின்றன. அப்புறம் சிவப்பு மட்டும் நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் 'சிபியு' என்று இருக்கிறது. நெடுநேரம் விட்டுப் பார்த்தாலும் அது அணையவில்லை, மஞ்சள் விளக்குக்குப் போகவே இல்லை.

கார்டைக் கழற்றிப் போர்டின் எச்டிஎம்ஐயில் மாட்டினாலும் அதே நிலைதான்.

செம்பருத்தி எழுதியது:

கார்டு இல்லாமலும் அதே சிவப்பு என்றால் கார்டு இப்போதைக்குத் தப்பித்தது.

சிவப்பு விளக்கு என்றவுடன் செயலி செத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். புதுச் செயலி பெட்டியிலேயே பழுதாக வருவது மிக அரிது. அதைவிடச் செயலி உட்காரும் சாக்கெட்டில் பின் வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். ஏஎம்5 சாக்கெட்டில் பின்கள் செயலியில் கிடையாது, போர்டில்தான் இருக்கின்றன. 1718 பின்கள், முடிபோல மெல்லியவை. கூலரைக் கழற்றிச் செயலியை எடுத்து, மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஒளி பட்டால் எல்லா முனைகளும் ஒரே திசையில் வரிசையாக மின்ன வேண்டும். எங்காவது ஒரு புள்ளி மட்டும் வரிசை தவறி மின்னினால் அங்கே வளைந்திருக்கிறது. விரலால் தொடவே தொடாதீர்கள். மொபைல் கேமராவில் பெரிதாக்கிப் படம் எடுத்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

கூலரைக் கழற்றும்போது நேராக மேலே இழுக்காமல் லேசாக இடமும் வலமும் திருப்பி விடுவியுங்கள். திரும்ப மாட்டும்போது செயலிக்கும் கூலருக்கும் நடுவிலுள்ள பழைய பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் அழுத்தம் கூடினால் செயலி சாக்கெட்டில் சரியாகப் பதியாமல், ஒரு பக்கத்து ரேம் காணாமல் போவதுகூட உண்டு.

தறிநாடா எழுதியது:

கூலர் வெளியே வந்துவிட்டால் போர்டையும் வெளியே எடுத்துவிடலாமே. போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்துச் செயலி, கூலர், ஒரே ஒரு ரேம், இவற்றோடு மட்டும் இயக்கிப் பாருங்கள். கேபினட்டில் தேவையில்லாத இடத்தில் ஒரு ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் உலோகக் கால்) நின்று போர்டின் முதுகில் உரசினால் இப்படி ஆகும். அந்தச் சந்தேகமும் தீரும். வெள்ளி நிற ஆன்டிஸ்டாட்டிக் பையின் மேல் வைக்காதீர்கள், அதன் வெளிப்பக்கம் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. ஆன் செய்வதற்குப் பவர் ஸ்விட்ச் பின்கள் இரண்டையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டால் போதும்.

கார்முகில் எழுதியது:

செய்து பார்த்தேன். பின்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன, படமும் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெட்டியின் மேல் வைத்து, ஒரே ரேமை சாக்கெட்டிலிருந்து இரண்டாவது துளையில் போட்டேன். மேனுவலில் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் துளையில் ஒரு பக்கம் மட்டும்தான் கொக்கி, 'டக்' என்று பூட்டிக்கொண்டது. இரண்டு ரேமையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். போர்டின் அமைப்புகளை நினைவில் வைத்திருக்கும் சிமாஸ் பேட்டரியையும் எடுத்துவிட்டுப் போட்டாயிற்று. சிவப்பு நகரவில்லை.

ஆணிவேர் எழுதியது:

அருமையாகச் செய்திருக்கிறீர்கள். கேபினட், கார்டு, ரேம், சாக்கெட் எல்லாம் வழியிலிருந்து விலகிவிட்டன. மிச்சம் இருப்பவை செயலி, போர்டு, அப்புறம் போர்டுக்குள் எழுதியிருக்கும் பயாஸ், அதாவது கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்.

முதல் பதிவிலேயே உறுத்திய விஷயம் இது. பி650 போர்டுகள் வந்தது 2022 அக்டோபரில். உங்கள் செயலி வந்தது 2024 ஆகஸ்டில். அந்தப் போர்டு ஆலையிலிருந்து எப்போது கிளம்பியதோ அந்த நாளின் பயாஸ்தான் அதில் இருக்கும். 9000 வரிசை வருவதற்கு முன்பே பெட்டிக்குள் போன போர்டு என்றால், அந்தப் பயாஸுக்கு இப்படி ஒரு செயலி உண்டு என்பதே தெரியாது. சாக்கெட் பொருந்தும், மின்சாரமும் போகும், ஆனால் செயலியை எழுப்பத் தெரியாமல் அங்கேயே நின்றுவிடும். நீங்கள் சொல்லும் சிவப்பு விளக்கு அப்படியே இதற்குப் பொருந்துகிறது.

போர்டு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் பக்கத்துக்குப் போய், ஆதரவுள்ள செயலிகளின் பட்டியலைத் திறங்கள். ஒவ்வொரு செயலிக்கும் நேராக, எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து வேலை செய்யும் என்று போட்டிருக்கும். அதைக் குறித்துக்கொண்டு போர்டைப் பாருங்கள். பல போர்டுகளில் பயாஸ் சிப்பின் மேலோ 24 பின் இணைப்பின் பக்கவாட்டிலோ சின்ன ஸ்டிக்கரில் பதிப்பு எண் இருக்கும்.

கார்முகில் எழுதியது:

ஸ்டிக்கர் இருக்கிறது! அதில் இருக்கும் பதிப்பு, பட்டியலில் என் செயலிக்குப் போட்டிருக்கும் பதிப்பைவிடப் பழையது. நடுவில் பல பதிப்புகள் வந்திருக்கின்றன.

ஆனால் திரையே வராதபோது பயாஸை எப்படிப் புதுப்பிப்பது?

ஆணிவேர் எழுதியது:

போர்டின் பின்பக்கத் தகட்டில், யூஎஸ்பி துளைகளுக்கு அருகே ஒரு சின்ன பட்டன் இருக்கிறதா பாருங்கள். எம்எஸ்ஐ அதை ஃப்ளாஷ் பயாஸ் பட்டன் என்கிறது, ஆசுஸ் பயாஸ் ஃப்ளாஷ்பேக் என்கிறது, ஜிகாபைட் கியூ-ஃப்ளாஷ் பிளஸ் என்கிறது. வேலை ஒன்றுதான். செயலி விழிக்காமலே, செயலி சாக்கெட்டில் இல்லாமலேகூட, பென் டிரைவிலிருந்து பயாஸை எழுதிவிடும்.

பென் டிரைவ் ஃபேட்32 வடிவத்தில் இருக்க வேண்டும். கோப்பைத் தளத்திலிருந்து இறக்கி, விரித்து, மேனுவலில் சொன்ன பெயரை எழுத்துப் பிசகாமல் வையுங்கள். விண்டோஸ் கோப்பின் நீட்டிப்பை மறைத்திருந்தால் பெயர் மாற்றும்போது நீட்டிப்பு இரண்டு முறை ஒட்டிக்கொள்ளும், அதனால் முதலில் அதைக் காட்டச் சொல்லிவிடுங்கள். பென் டிரைவை இதற்கென்று குறியிட்ட துளையில்தான் செருக வேண்டும், பக்கத்துத் துளை ஆகாது. 24 பின்னும் சிபியு பவரும் இணைந்திருக்கட்டும். பவர் சப்ளை ஸ்விட்சை ஆன் செய்யுங்கள், கணினியை ஆன் செய்யாதீர்கள். பிறகு அந்தப் பட்டனை மேனுவல் சொல்வதுபோல் அழுத்துங்கள்.

பட்டனுக்குப் பக்கத்து விளக்கு மின்னத் தொடங்கும். சில நிமிடங்கள் மின்னிக்கொண்டே இருக்கும். தானாக நிற்கும்வரை எதையும் தொடாதீர்கள். இடையில் மின்சாரம் போனால் பயாஸ் அரைகுறையாக நின்றுவிடும், அதனால் யூபிஎஸ் இருந்தால் அதில் இணைத்துச் செய்யுங்கள்.

கார்முகில் எழுதியது:

பட்டன் இருக்கிறது. ஆனால் விளக்கு சில வினாடிகள் மின்னிவிட்டு அப்படியே அசையாமல் எரிந்து நிற்கிறது. 64 ஜிபி பென் டிரைவ் போட்டேன்.

செம்பருத்தி எழுதியது:

கோப்பைப் படிக்க முடியவில்லை என்று அர்த்தம். 64 ஜிபி என்றால் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் வடிவத்தில் இருக்கும். விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் சாளரம் 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 காட்டாது. பழைய 8 ஜிபி, 16 ஜிபி ஏதாவது இருந்தால் அதை எடுங்கள், இந்த வேலைக்குச் சிறியதுதான் நல்லது.

ஆணிவேர் எழுதியது:

செம்பருத்தி சொன்னதைச் செய்யுங்கள். அது முடிந்ததும் நடக்கப் போவதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பலர் அந்த இடத்தில்தான் பதறிவிடுகிறார்கள்.

புதிய பயாஸ் ஏறியபின் முதல் முறை இயக்கும்போது சிவப்பு அணைந்து மஞ்சள், அதாவது டிராம் விளக்கு எரியும். திரை கறுப்பாகவே இருக்கும். அது மெமரி டிரெயினிங். டிடிஆர்5 ஓடும் வேகத்தில், சிக்னல் ரேமுக்கு எந்த நொடிப்பிசிறில் போய்ச் சேருகிறது என்பதை ஒவ்வொரு இணைப்புக்கும் அளந்து பார்த்து, சரியான நேரத்தையும் மின்னழுத்தத்தையும் போர்டு குறித்துக்கொள்ள வேண்டும். முதல் முறை இதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். ரேம் அளவு கூடினால் இன்னும் நீளும். நடுவில் தானாக அணைந்து மீண்டும் இயங்குவதும் சகஜம். அந்த நேரத்தில் பவர் பட்டனை அழுத்தினால் அளந்தது எல்லாம் வீணாகி மறுபடியும் முதலிலிருந்து. பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் அப்படியே. இயக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு கால் மணி நேரம் உட்காருங்கள்.

கார்முகில் எழுதியது:

வந்துவிட்டது!

பழைய 16 ஜிபி பென் டிரைவில் போட்டதும் விளக்கு நிதானமாக மின்னத் தொடங்கி, நெடுநேரம் கழித்துத் தானே அணைந்தது. இயக்கினேன். சிவப்பு வந்து உடனே போயிற்று, மஞ்சள் நின்றது. நீங்கள் முன்பே சொல்லியிருக்காவிட்டால் கட்டாயம் அணைத்திருப்பேன். ஒருமுறை எல்லாம் இருண்டு மறுபடியும் ஓடியது, பிறகு திரையில் எழுத்து. இரண்டு ரேமும் சேர்த்து 32 ஜிபி காட்டுகிறது. மிக்க நன்றி.

ஆனால் கதை முடியவில்லை. எல்லாவற்றையும் கேபினட்டில் வைத்துக் கார்டை மாட்டினால் திரும்பவும் கறுப்பு. இப்போது நிற்பது விஜிஏ விளக்கு. கார்டின் ஃபேன் ஒரு கணம் சுற்றி நிற்கிறது. அப்படியானால் கார்டும் பழுதா?

மின்மினி எழுதியது:

முதலில் கார்டைச் சொன்னது நான்தான், ஆனால் இப்போது எனக்கு அந்த ரைசர் கேபிள்மேல் சந்தேகம். அது கேபினட்டோடு வந்ததா? கேபினட் எவ்வளவு பழைய மாடல்?

கார்முகில் எழுதியது:

கேபினட்டோடு வந்ததுதான். கேபிளின் மேல் 'பிசிஐஇ 3.0' என்று அச்சிட்டிருக்கிறது.

ஆணிவேர் எழுதியது:

மின்மினி சரியான இடத்தைப் பிடித்துவிட்டார்.

பிசிஐஇ என்பது கார்டும் போர்டும் பேசிக்கொள்ளும் இணைப்பு. உங்கள் கார்டு பிசிஐஇ 4.0, போர்டின் துளையும் குறைந்தது 4.0. இரண்டும் இயங்கத் தொடங்கும்போது தங்களுக்குள் பேசி, இருவருக்கும் முடிந்த அதிக வேகத்தை ஒப்புக்கொள்ளும். நடுவில் இருக்கும் கேபிள் வெறும் கம்பி. என்னால் இவ்வளவுதான் தாங்க முடியும் என்று சொல்ல அதற்கு வழியில்லை. இந்த இணைப்பின் ஒரு தடத்துக்கு 3.0 வேகம் வினாடிக்கு 8 கிகா டிரான்ஸ்ஃபர், 4.0 அதன் இருமடங்கு. 3.0க்கென்று செய்த கேபிளில் அந்த வேகத்தில் சிக்னல் சிதைந்துவிடும். கார்டும் நல்லது, போர்டும் நல்லது, ஆனாலும் படம் வராது.

நல்லவேளையாக உங்கள் செயலியில் கிராஃபிக்ஸ் இருக்கிறது. கார்டைக் கழற்றி, போர்டின் எச்டிஎம்ஐ வழியாகப் பயாஸுக்குள் போங்கள். பிசிஐஇ எக்ஸ்16 துளையின் வேகம் 'ஆட்டோ' என்று இருக்கும். அதை 'ஜென் 3', அதாவது 3.0 ஆக்கிச் சேமியுங்கள். அணைத்துவிட்டுக் கார்டை ரைசரோடு மாட்டுங்கள். இந்த முறை மானிட்டர் கேபிளைக் கார்டில் இணையுங்கள்.

கார்முகில் எழுதியது:

ஜென் 3 ஆக்கியதும் கார்டில் படம் வந்துவிட்டது. ரைசரைக் கழற்றிக் கார்டை நேராகத் துளையில் போட்டும் பார்த்தேன், 'ஆட்டோ'விலேயே வருகிறது. ஆக கார்டில் ஒரு குறையும் இல்லை.

இப்போது எப்படி வைத்துக்கொள்வது நல்லது? செங்குத்தாக நிற்பது பார்க்க அழகாக இருக்கிறது, அதை விட மனமில்லை.

தறிநாடா எழுதியது:

நான் நேராகப் போடச் சொல்வேன். ஆர்டிஎக்ஸ் 4060 எட்டுத் தடங்களை மட்டும் பயன்படுத்தும் கார்டு. பதினாறு தடமுள்ள கார்டை 3.0இல் ஓட்டினால் வித்தியாசம் தெரியாமல் போகலாம். எட்டுத் தடத்தில் 3.0 என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 8 ஜிபிதான் போகும். கார்டின் 8 ஜிபி நினைவகம் நிரம்பி, மெயின் ரேமிலிருந்து இழுக்க வேண்டி வந்தால் அங்கே திணறும். எடிட்டிங்கில் 4கே டைம்லைன், பெரிய எஃபெக்ட் என்று போனால் அந்த நிலை வந்துவிடும். செங்குத்தாகத்தான் வேண்டும் என்றால் 4.0 என்று அச்சிட்ட கேபிள் ஒன்று வாங்கிப் போடுங்கள்.

அப்புறம், பயாஸில் எக்ஸ்போவை இயக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் ரேம் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓடாது. அதை இயக்கியதும் மறுபடி டிரெயினிங் நடக்கும், மஞ்சள் விளக்கைப் பார்த்துப் பதற வேண்டாம்.

கார்முகில் எழுதியது:

சரி, 4.0 கேபிள் வரும்வரை நேராகவே இருக்கட்டும். எக்ஸ்போ இயக்கிவிட்டேன், விண்டோஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. திருப்பிக் கொடுப்பதற்குப் பெட்டியில் கட்டி வைத்திருந்த கார்டு இப்போது ஓடுகிறது. ஆணிவேர், செம்பருத்தி, தறிநாடா, மின்மினி, நால்வருக்கும் மனமார்ந்த நன்றி.

வழிப்போக்கன் எழுதியது:

இழை முழுவதும் படித்தேன். எனக்கும் இதே சிவப்பு விளக்கு, இதே போலப் புதிய செயலி, பழைய பயாஸ். ஆனால் என் போர்டில் அந்தப் பட்டன் இல்லை. வேறு வழி உண்டா?

ஆணிவேர் எழுதியது:

உண்டு. அந்தப் பயாஸுக்குத் தெரிந்த பழைய செயலி ஒன்றை நண்பரிடம் கொஞ்ச நேரத்துக்குக் கேட்டு வாங்கிப் போடுங்கள். ஏஎம்5 என்றால் 7000 வரிசையில், உங்கள் பயாஸ் பதிப்பு ஆதரிக்கும் ஒன்று போதும், ஆனால் பெயர் எஃப் என்று முடிந்தால் அதில் கிராஃபிக்ஸ் இருக்காது, கார்டும் தேவைப்படும். திரை வந்ததும் பயாஸுக்குள் போய்ப் பென் டிரைவிலிருந்து புதுப்பித்துவிட்டு, உங்கள் செயலியை மாற்றிக்கொள்ளலாம். 2018இல் ஏஎம்4 போர்டுகளில் புதிய செயலிகளுக்கு இதே சிக்கல் வந்தபோது, ஏஎம்டி நிறுவனமே பழைய செயலி ஒன்றை வாடிக்கையாளர்களுக்கு இரவலாக அனுப்பி உதவியது.

நண்பரிடம் கிடைக்காவிட்டால் போர்டை வாங்கிய இடத்திலோ அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலோ கேளுங்கள். போர்டு பழுது என்று சொல்லாமல், பயாஸ் புதுப்பித்துத் தர வேண்டும் என்று கேளுங்கள். போகும்போது சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியை மாட்டிக் கொண்டுபோங்கள், அது இல்லையென்றால் சில இடங்களில் வாங்கவே மாட்டார்கள்.